அழுகல், மக்கல், ஊசல், உளுத்தல்: எந்தக் கேட்டுக்கு எந்தச் சொல்?

பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் நசுங்கி நீர் விட்ட பழத்தை 'அழுகல்' என்று ஒதுக்குவார்கள். அதே பழம் தோட்டத்துக் குப்பைக் குழியில் மூன்று நான்கு மாதம் கிடந்து மண்ணாகிவிட்டால் 'மக்கிப்போச்சு'. நல்ல பழத்தில் வைத்த குழம்பு மறுநாள் கெட்டால் 'ஊசிப்போச்சு'. அந்தக் குழம்பில் போடலாம் என்று எடுத்து வைத்த மொச்சையில் ஓட்டை விழுந்திருந்தால் 'உளுத்துப்போச்சு'. நான்கையும் 'கெட்டுப்போச்சு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், தவறில்லை. ஆனால் கெடுத்தது எது என்ற செய்தி அதில் இல்லை. தமிழில் கேட்டைக் குறிக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் எந்தப் பொருள், எதனால், எப்படிக் கெட்டது என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. சொல் சரியாக அமைந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

அழுகல்: ஈரத்தில் நடக்கும் கேடு

ஈரம் மிகுந்த உயிர்ப்பொருள் நுண்ணுயிரால் கரைந்து போவதே அழுகுதல். பழம், காய், கிழங்கு, வேர், இறைச்சி, ஆறாத புண் எல்லாம் அழுகும். இரும்பு அழுகாது, காய்ந்த துவரையும் அழுகாது. ஈரம் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

பழச் சதையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தப் பசையைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. ஒட்டு விட்டதும் செல்கள் பிரிந்து உள்ளிருந்த சாறு கசிகிறது. அந்தச் சாற்றை உண்டு நுண்ணுயிர் மேலும் பெருகுகிறது. அழுகிய இடம் தொட்டால் கொழகொழவென்று இருப்பதும், ஒரு பழத்தில் தொடங்கியது பக்கத்துப் பழத்துக்குத் தாவுவதும் இதனால்தான். பாக்டீரியா அழுகல் நீர்த்துப் போய்க் கடுமையாக நாறும். பூஞ்சை அழுகல் பெரும்பாலும் கறுப்பு அல்லது பழுப்புப் புள்ளியாகத் தொடங்கி வட்டமாக விரியும். நாற்றம் பிறகுதான் வரும். முதலில் இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

தக்காளியில் சுமார் 94 சதவீதம் நீர். ஆனாலும் தோல் முழுதாக இருக்கும்வரை நுண்ணுயிர் எளிதில் உள்ளே போக முடியாது. காம்பு இருந்த குழி, பறிக்கும்போதும் அடைக்கும்போதும் விழும் கீறல், காய்ப்புழு போட்ட துளை, இந்த மூன்றும்தான் முக்கியமான வாசல்கள். காம்போடு அடைத்த பழம் பெட்டி குலுங்கும்போது பக்கத்துப் பழத்தைக் குத்தும். பெட்டியை விளிம்புக்கு மேல் குவித்து அடுக்கினால் மேல் பெட்டியின் எடை முழுக்கப் பழத்தின் மேல் இறங்கும். ராயக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போகிற சரக்கை நன்றாகச் சிவக்கும் முன்பே, நிறம் திரும்பும் பருவத்தில் பறிக்க வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்கு மட்டுமே முழுச் சிவப்பு.

பலர் கவனிக்காத ஒன்று கழுவும் தண்ணீர். வெயிலில் பறித்த சூடான தக்காளியைக் குளிர்ந்த நீரில் முக்கினால் பழத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கி, காம்புக் குழி வழியாக நீரை உள்ளே இழுக்கும். நீரோடு கிருமியும் போகும். வெளியே பளபளப்பாகத் தெரிந்த பழம் இரண்டு நாளில் உள்ளிருந்து கரையும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் நிழலில் ஆறவிட வேண்டும். நீர் பழத்தைவிட ஒரு 5 டிகிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பிறகு நன்றாக உலர்த்தியே அடைக்க வேண்டும். இதற்கெல்லாம் வசதி இல்லையென்றால் கழுவாமல் துடைத்து அடைப்பதே மேல்.

கிருஷ்ணகிரி மாங்காயில் கதை வேறு. பழுத்த பிறகு தோலில் கறுப்புப் புள்ளி புள்ளியாக வருவது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சை பழுத்த பிறகு வந்து ஒட்டுவதில்லை. பூவும் பிஞ்சுமாக இருந்தபோது மழையிலும் பனியிலும் தொற்றி, காய் பச்சையாக இருக்கும்வரை தோலுக்கடியில் அடங்கிக் கிடந்து, பழுக்கத் தொடங்கியதும் கிளம்புகிறது. பழுக்க வைக்கும் அறையைக் குறை சொல்லிப் பயனில்லை. பூக்கும் காலத்தில் தோப்பில் காப்பாற்றியிருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் கையிலிருக்கும் வழி வெந்நீர்: 52 டிகிரி செல்சியஸ் நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி எடுத்து, ஆறவைத்து உலர்த்துவது. வெப்பமானி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சூடு கூடினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் பூஞ்சை சாகாது.

காம்பு இருந்த இடத்தில் பழுப்பாகத் தொடங்கி, சில நாளில் பழம் முழுவதும் இறங்குவது காம்பு அழுகல். இது வேறொரு பூஞ்சை. காயைச் சிறிது காம்போடு கத்தரித்து, பிறகு காம்பைக் குறைத்து, தலைகீழாக வைத்துப் பால் வடிய விட்டால் இந்த அழுகலும் குறையும், பால் பட்டுத் தோல் கருகுவதும் குறையும். உலுக்கித் தரையில் விழவிட்ட காயில் இரண்டும் வரும்.

பயிர் நோய்களின் பெயரும் இதே சொல்லில்தான் அமைகின்றன: தாக்கப்பட்ட உறுப்பு, அதன் பின் அழுகல். வேர் அழுகல், தண்டு அழுகல், தென்னையில் குருத்து அழுகல், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் மஞ்சளில் கிழங்கு அழுகல். கிழங்கு அழுகலுக்கு முதல் காரணம் தேங்கும் தண்ணீர். மேட்டுப்பாத்தி போடாமல், வடிகால் எடுக்காமல் மருந்தை மட்டும் ஊற்றினால் நோய் திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பெயரில் அழுகல் இருந்தும் தொடக்கத்தில் கிருமி இல்லாத நோய் ஒன்று உண்டு. தக்காளியின் அடிப்பக்கத்தில், பூ உதிர்ந்த நுனியில், கறுத்துத் தோல்போல் உள்வாங்கும் நுனி அழுகல் அது. காய் வளரும் வேகத்துக்குச் சுண்ணாம்புச் சத்து நுனிவரை போய்ச் சேராததால் அங்கே திசு செத்துப்போகிறது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் வரும். ஏனென்றால் அதை ஏற்றிச் செல்வது தண்ணீர். ஒரு வாரம் காயவிட்டு அடுத்த வாரம் வெள்ளமாகப் பாய்ச்சும் வயலில் இது நிச்சயம் தலைகாட்டும். பூஞ்சைக்கொல்லி அடித்தால் பணம்தான் போகும். சீரான பாசனம், முடிந்தால் சொட்டுநீர், அதோடு காய் பிடிக்கும் சமயத்தில் 0.5 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசல், அதாவது லிட்டருக்கு 5 கிராம் தெளிப்பு. இதுதான் மருந்து. அல்போன்சா மாம்பழத்தை அறுத்தால் உள்ளே வெளுத்துப் பஞ்சுபோல இருக்கும் கோளாறும் இப்படியே கிருமி இல்லாதது. மரத்திலேயே அதிகம் முற்றவிடாமல் பறிப்பதும், மரத்தடியில் மூடாக்கு போட்டுத் தரையின் வெக்கையைக் குறைப்பதும் அதற்கு உதவும்.

காய் முற்றும் முன்பே உதிர்ந்து, பழுக்காமலேயே சுருங்கி மஞ்சளித்தால் அதை அழுகல் என்பதில்லை, வெம்பல் என்பார்கள். புழு குடைந்தது சொத்தை.

மக்கல்: மண்ணுக்குத் திரும்பும் வழி

அகராதியில் இது மட்குதல்; பேச்சிலும், பேரூராட்சிக் குப்பை வண்டியில் எழுதியிருக்கும் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை'யிலும் மக்குதல். இரண்டும் சரி. இலை, வைக்கோல், சாணம், காய்கறிக் கழிவு இவை நுண்ணுயிரால் சிதைந்து, பழைய உருவமும் நாற்றமும் போய், கருமையான பொலபொலப்பான எருவாக மாறுவது மக்கல். பிளாஸ்டிக் மக்குவதில்லை. வெயிலில் நொறுங்கித் துணுக்காகிறது, அவ்வளவுதான்.

அழுகலும் மக்கலும் நுண்ணுயிரின் வேலைதான். பிரிப்பது காற்று. காற்று கிடைத்தால் ஒருவகை நுண்ணுயிர்கள் பெருகிக் குவியலைச் சூடாக்கி மக்கவைக்கின்றன. காற்று அடைபட்டால் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையைக் கையிலெடுத்துக்கொள்கின்றன. கூமுட்டை நாற்றம் வரும், கறுப்பாக நீர் வடியும், ஈ மொய்க்கும். குழிக்குள் போட்டதெல்லாம் எருவாகிவிடும் என்று நம்பி விட்டுவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. விலை விழுந்த நாளில் வண்டி வண்டியாகத் தக்காளியைத் தனியாகக் கொட்டினால் அது மக்காது, அழுகும். அவ்வளவு நீர் காற்றுக்கு இடமே விடாது.

செய்ய வேண்டியது இது. நீரும் தழைச்சத்தும் உள்ள பச்சைக் கழிவு ஒரு கூடை என்றால், காய்ந்த பொருள் இரண்டு மூன்று கூடை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ராகித்தாள், நிலக்கடலைத் தோல், உதிர்ந்த இலை எல்லாம் கிடைக்கும். கணக்காகச் சொன்னால் கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு. அடியில் குச்சியும் தட்டையும் ஒரு சாண் உயரம் பரப்பினால் கீழிருந்து காற்று ஏறும். பிறகு காய்ந்தது, பச்சை, சாணக் கரைசல் என்று மாற்றி மாற்றி அடுக்கி, 3 அல்லது 4 அடி உயரத்தில் நிறுத்த வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் சூடு நிற்காது, உயர்ந்தால் அடியில் அமுங்கிக் காற்று போகாது. ஈரம் 50 முதல் 60 சதவீதம் வேண்டும். அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் காய்ந்த தாளைச் சேருங்கள். சொட்டே இல்லையென்றால் தெளியுங்கள்.

மூன்று நான்கு நாளில் குவியலின் நடுவே 55 முதல் 65 டிகிரிவரை சூடு ஏறும். ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்து இழுத்துத் தொட்டால் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான் அழியும். 15 நாளுக்கு ஒருமுறை வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். மூன்றிலிருந்து நான்கு மாதத்தில் சூடு தணிந்து, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் மக்கிவிட்டது. கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாடை அடித்தால் பச்சை அதிகம், காய்ந்ததைச் சேர்க்க வேண்டும். சூடே ஏறவில்லை என்றால் ஈரமோ சாணமோ குறைவு. மாங்கொட்டையின் ஓடு மட்டும் எளிதில் மக்காது. நொறுக்கிப் போட வேண்டும்.

அரைகுறையாக மக்கிய எருவை வயலில் போட்டால் அது மண்ணிலேயே மக்கலைத் தொடரும். அதற்கு வேண்டிய தழைச்சத்தை நுண்ணுயிர் பயிரிடமிருந்து பறித்துக்கொள்வதால் இலை மஞ்சளாகும். கரையானும் வரும்.

ஊசல், புளிப்பு, திரிதல்: சமையலறையில் நடப்பவை

பச்சைக் காய் ஊசாது. சமைத்த சோறும் குழம்பும் பொரியலும்தான் ஊசும். கரண்டியில் எடுத்தால் நூல் விடும், மேலே நுரை கட்டும், வாடை மாறும். ஆறாமல் மூடிய சோறு, தேங்காய் அரைத்த குழம்பு, பருப்புக் கூட்டு இவை முதலில் ஊசும். 5 முதல் 60 டிகிரிவரை உள்ள சூட்டில் கிருமி விரைவாகப் பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்த நிலையில் வைக்கக் கூடாது என்பது பொது விதி. சோற்றில் ஒரு சிக்கல் உண்டு. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் விதைத்தூள்கள் வேகும்போது சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. 'கொதிக்க வச்சா சரியாயிடும்' என்பது ஊசிய சோற்றுக்குப் பொருந்தாது.

புளித்தல் இதற்கு எதிர்த்திசை. ராகி மாவைக் கரைத்து இரவு முழுவதும் வைத்துக் கூழ் காய்ச்சும்போதும், மீந்த களியை நீரில் போட்டு மறுநாள் மோரோடு கரைக்கும்போதும், லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியா முந்திக்கொள்கிறது. அமிலத்தன்மை எண் (pH) 4.6க்குக் கீழே இறங்கிவிட்டால் கெடுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை வளர முடியாது. சோற்றை நன்றாக ஆறவைத்து, சுத்தமான நீரில் முழுக மூழ்கவிடுவதே பழைய சோறாகப் புளிப்பதற்கும் ஊசிப்போவதற்கும் நடுவே இருக்கும் கோடு. பால் என்றால் திரியும். எண்ணெய் என்றால் சிக்கு வாடை அடிக்கும். அது காற்றும் வெளிச்சமும் செய்கிற வேலை, கிருமி தேவையில்லை.

பூஞ்சணம்

பஞ்சாகவோ பொடியாகவோ மேலே பூப்பது பூஞ்சணம், பேச்சில் பூசணம். ஊறுகாயில் ஈரக்கரண்டி பட்டாலும், மேலே எண்ணெய் நிற்காவிட்டாலும் பூக்கும். நிலக்கடலையில் பூத்தால் அலட்சியம் கூடாது. பச்சைமஞ்சள் பூஞ்சணம் ஒன்று அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பருப்பில் ஈரம் 8 சதவீதம் அளவுக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கும். பூஞ்சணம் பிடித்த பருப்பைக் கழுவித் துடைத்துப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள்.

தருமபுரியில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பார்க்கும் ஒரு வேறுபாடும் இங்கே பொருந்தும். பாக்டீரியா தாக்கிச் செத்த புழு தளர்ந்து, கறுத்து, அழுகி நாறும். வெள்ளைப் பூஞ்சண நோயில் செத்த புழு அழுகாது. விறைத்துச் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். செத்த புழுவைத் தொட்டுப் பார்த்தாலே இந்த இரண்டில் எந்த நோய் என்று பிரித்துவிடலாம்.

உளுத்தலும் புழுத்தலும்

உளுத்தல் காய்ந்த பொருளுக்கு உரியது. மொச்சை, துவரை, தட்டைப்பயறு, மூங்கில், மரம் இவை உளுக்கும். குடைவது வண்டு. பயறு வண்டு பருப்பின் மேல் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டும். புழு உள்ளே குடைந்து தின்று, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். ஓட்டை தெரியும்போது உள்ளே காலி. ஆகவே ஓட்டையைத் தேடாமல் வெள்ளைப் புள்ளியைத் தேட வேண்டும். பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடையும்வரை காயவைப்பது முதல் வேலை. துவரைக்குச் செம்மண் கட்டுவது பழைய, நல்ல முறை: செம்மண் கூழில் புரட்டி உலர்த்தினால் முட்டை ஒட்ட இடம் கிடைக்காது. விதைக்கு என்றால் 100 கிலோவுக்கு 1 கிலோ பதப்படுத்திய கயோலின் களிமண் கலக்கலாம். உடைத்துப் பருப்பாக்கி வைத்தாலும் தாக்குதல் குறையும். ராகிமணி மிகச் சிறியது என்பதால் அவ்வளவு எளிதில் உளுக்காது. நன்றாகக் காய்ந்த ராகி பல ஆண்டு நிற்கும். ஆனால் மாவாக அரைத்துவிட்டால் புழுத்துப்போகும், அதனால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

மரத்தில் உளுத்தலையும் செல்லரித்தலையும் குழப்பிக்கொள்வார்கள். செல் என்றால் கரையான். கீழே மாவு கொட்டியிருந்து, மேலே ஊசிமுனை ஓட்டை தெரிந்தால் உளு. மாவு இல்லாமல் மண்ணால் கட்டிய குழாய் சுவரேறியிருந்தால் கரையான். முன்னதற்கு மரத்துக்கு மருந்து. பின்னதற்கு மரத்தோடு தரைக்கும் சேர்த்து மருந்து. ஓட்டையும் இல்லாமல், மண்ணும் இல்லாமல், மழை ஒழுகும் இடத்தில் மட்டும் மரம் மெத்தென்று ஆகியிருந்தால் அது பூஞ்சை. ஒழுக்கை அடைத்தால் நிற்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் உள்ள மரத்தில் அந்தப் பூஞ்சை வளராது.

இற்றுப்போதல்

கயிறு, சாக்கு, துணி, தோல், தகரம் இவை வெயிலிலும் ஈரத்திலும் பலம் இழப்பது. எழுத்தில் 'இற்றது', பேச்சில் 'இத்துப்போச்சு'. உருவம் அப்படியே இருக்கும், இழுத்தால் கையோடு வரும். கிணற்றுக் கயிற்றை வாங்கி எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணுவதைவிடப் புரியைப் பிரித்து முறுக்கிப் பார்ப்பதே சரியான சோதனை.

பேச்சு வழக்கில்

உவமையாகப் பேசும்போதும் இந்தச் சொற்கள் தங்கள் குணத்தை விடுவதில்லை. 'உளுத்துப்போன அமைப்பு' என்றால் வெளியே கம்பீரம், உள்ளே ஒன்றுமில்லை. 'இற்றுப்போன உறவு' மெல்லத் தேய்ந்து அறுந்தது. 'புளித்துப்போன வசனம்' பலமுறை கேட்டது. அழுகல் என்றால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டு சேர்ந்தே வரும். ஊழல் என்ற சொல்லுக்கும் பழைய பொருள் பதனழிவு, அதாவது பதம் கெட்டு அழுகுவதுதான். பொதுப்பணம் கெட்ட கதைக்கு அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 'மக்கு' மட்டும் மாணவரைத் திட்டும் சொல்லாகச் சுருங்கிவிட்டது வருத்தம்தான்.

ஓசூர் பக்கச் சந்தைகளில் கன்னடத்தில் 'கொளெ', தெலுங்கில் 'குள்ளு' என்றும் காதில் விழும். இரண்டும் அழுகலையே குறிக்கும்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அழுகியது என்பது கெட்டது, அழுதது என்பது கண்ணீர் விட்டது. பெயர்ச்சொல்லில் முன்னது அழுகல், பின்னது அழுகை. அழுகிய, அழகிய இரண்டுக்கும் நடுவே ஓர் உகரம்தான் வேறுபாடு. விலைப்பலகையில் அந்தச் சுழி விழுந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டுங்கள்.